பிளேனுக்குப் பயந்த மாமி

பம்மலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானத்தின் வயிறு தலைக்கு மேலே தெரியும். சத்தம் அடங்கும்வரை யாரும் பேசமாட்டோம். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவதில் எங்கள் தெருக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

அப்பாவை அத்தா என்றும், அவர் அக்காவை மாமி என்றும் நாங்கள் அழைப்போம். கல்யாணமே வேண்டாமென்று எங்களோடு இருந்துவிட்டவர். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. வெளிநாட்டுக்காரர்கள் விற்க மறுத்த ராட்சசக் கம்ப்யூட்டருக்குப் பதிலாக, சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்களைக் கோத்து ஒரே மூளையாக வேலை வாங்குவது அவர்கள் திட்டம். அந்த மூளை போட்ட கணக்கெல்லாம் விமான இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடும் என்பதுதான். அப்படிப்பட்டவர் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. துபாயிலிருந்த சாச்சா, அத்தாவின் தம்பி, எத்தனையோ தடவை கூப்பிட்டும் போகவில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்கு என்றால் தனக்குக் கீழே இருப்பவர்களை அனுப்பிவிடுவார். மாமிக்குப் பிளேன் என்றால் பயம் என்று வீடே கேலி செய்யும். மாமியும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் மாமி ராக்கெட் செய்கிறார் என்று பள்ளி வேனில் பெருமையடித்துவிட்டேன். செய்தி வீடு வந்து சேர்ந்தது. மாமிக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

“யார் கேட்டாலும் என் வேலையப் பத்தி வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

அந்த வருஷம்தான் முழுத் திட்டத்துக்கும் மாமியைத் தலைவராக்க முடிவு செய்திருந்தார்கள். போலீஸ் விசாரணை அறிக்கை ஒன்றுதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் அது டெல்லிக்குப் போகாவிட்டால் பொறுப்பு அடுத்தவர் கைக்குப் போய்விடும். பெரியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். விசாரிக்க ஆள் வருவார் என்று ஜன்னலுக்குப் புதுத் திரைகூடத் தொங்கவிட்டார்கள். என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அத்தா ஜும்ஆ தொழுகைக்கும், அம்மா பல்லாவரம் சந்தைக்கும் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு விடுப்பு. மஃப்டியில் ஒருவர், அக்குளில் ஃபைலோடு கேட்டருகே வந்து நின்றார். மாமியின் பெயரைச் சொல்லி, “இங்கதான கீறாங்க?” என்றார்.

வந்துவிட்டான் ஒற்றன் என்று முடிவு செய்துகொண்டேன்.

“இல்ல, துபாய்ல இருக்காங்க.”

எங்கள் தெருவில் ஓர் ஆளைக் காணோம் என்றால் வேறெங்கே இருக்க முடியும்? வாய்க்கு முதலில் வந்த பொய் அதுதான். எவ்வளவு நாளாக என்று கேட்டார். தாராளமாக ஐந்து வருஷம் கொடுத்தேன். யாரோடு என்றார். சாச்சாவோடு என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். நாட்டையே காப்பாற்றிவிட்ட நிறைவோடு போர்வைக்குள் புகுந்தேன்.

பத்து நாள் கழித்து மாமி நடுப்பகலில் வீடு திரும்பினார். அப்படி அவர் வந்ததே கிடையாது. கொடுத்த முகவரியில் ஆள் இல்லை, பல வருஷமாக வெளிநாட்டு வாசம், அதை மறைத்திருக்கிறார் என்று அறிக்கை போயிருந்ததாம். மறுநாள்தான் கெடு. எவனோ வேண்டுமென்றே மாட்டிவிட்டிருக்கிறான் என்று அத்தா கத்தினார். சாக்கடைத் தகராறில் அத்தாவோடு பேச்சு நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகம் விழுந்தது. அப்படியும் அந்த வீட்டு அக்கா பாயசம் கொண்டுவந்து கொடுத்த கிண்ணத்தை, பதிலுக்கு ஒன்றும் வைக்காமல் அம்மா அன்று வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தார். மாமி மட்டும் அலுவலகப் பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போன முகத்தை நான் பார்த்திருந்தேன். அடி விழட்டும் என்று மாமி முன்னால் போய் நின்று, “நான்தான் மாமி சொன்னேன்” என்றேன்.

அடி விழவில்லை. கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். போலீஸ் அலுவலகத்தில் அந்த ஃபைல்காரரின் மேசை என் கழுத்துயரம் இருந்தது. எதற்குப் பொய் சொன்னேன் என்று அவர் கேட்க, சத்தியம் வாங்கிய கதையைச் சொன்னேன். மனிதர் தொப்பை குலுங்கச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும், சும்மா கேட்பதுபோல ஃபைல்காரர் கேட்டார்.

“பாஸ்போர்ட்டே எடுக்கலியா மேடம்? உங்க தெருவுல யாருக்கு இல்ல?”

“எடுக்கல சார். இப்படி ஒரு கேள்வி வந்தா, எங்கயும் போகலன்னு காட்ட எனக்கு வேற வழி தெரியல.”

அவர் பேனாவை எழுதாமல் பிடித்திருந்தார். மாமி ஏன் உண்மையான காரணத்தைச் சொல்லாமல் மழுப்புகிறார் என்று எனக்குப் பதைத்தது. காரியம் மறுபடியும் கெட்டுவிடுமே என்று நானே முந்திக்கொண்டேன்.

“மாமிக்குப் பிளேன்னா பயம் சார்.”

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரிடம், “ஆமா சார், பயம்தான்” என்றார்.

மறு அறிக்கை அன்று மாலையே போனது. பணி ஓய்வுவரை மாமிதான் திட்டத்தை நடத்தினார். ஓய்வு பெற்ற அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார். துபாய் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புறப்பட்டதிலிருந்து இறங்கும்வரை இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

அதெல்லாம் பின்னால். அன்று ஆட்டோவில் திரும்பும்போது மாமி என் கையை விடவேயில்லை. தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. சத்தம் அடங்கியதும் அவர் காதருகே போய், “பயப்படாதீங்க மாமி, போயிடுச்சு” என்று தைரியம் சொன்னேன்.