ஒரு உடம்புக்கு ஒரு சாயா

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் எண்ணெய் தேய்க்கிற இசக்கிமணிக்கு மனிதர்களின் முகமே மறந்துபோகும். எல்லாரும் அவனுக்கு முதுகுதான். மதுரை முதுகு, சிவகாசி முதுகு, வெயிலே படாத மெட்ராஸ் முதுகு. ஒரு தடவை ஒரு முதுகின் இந்த ஓரத்தில் தேய்க்க ஆரம்பித்தானாம். அந்த ஓரத்துக்குப் போய் நிமிர்ந்து பார்த்தால் தென்காசிக் கோபுரம் தெரிந்ததாம். அவ்வளவு அகலம்!

அருவிக்குப் போகிற ரோட்டில் நெல்லையப்பன் அண்ணாச்சி போட்டிருக்கும் கொட்டகையில்தான் அவனுக்கு வேலை. அண்ணாச்சி எண்ணெயைத் தொடமாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"காத்துள்ளபோதே தூத்திக்கோலே இசக்கி! சாரல் நின்னா இங்கன ஈகூட வராது."

போன சீசனில் இசக்கி அதை அப்படியே நம்பினான். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை தேய்த்தான். மலைக் குரங்கு வரிசையில் வந்து படுத்திருந்தால் அதற்கும் தேய்த்திருப்பான். சீசன் முடிந்தபோது வலது கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்துவிட்டது. சோற்றை அள்ளினால் வாய்க்கு வருகிற பாதி வழியிலேயே இறங்கிவிடும். பெஞ்சாதி தங்கத்தாய்தான் ஊட்டிவிட்டாள். சும்மாவா ஊட்டினாள்?

"ஊரான் முதுகெல்லாம் பளபளன்னு மின்னுது. எங்க வீட்டு ராசாவுக்கு மூக்கச் சொறியக் கையில்ல. ஆ காட்டும்!"

"மெல்லப் பேசுட்டி. கேட்டவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அடுத்த சீசனும் இப்படி வந்து நின்னீருன்னா, தட்டக் கீழ வச்சிருவேன். நக்கிக் குடியும்!"

டாக்டரோ அதைவிட மோசம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, கை சும்மா சட்டைக்குள்ள தொங்கத்தான் ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த வருஷம் இசக்கி புதுச் சட்டத்தோடு வந்தான். ஒரு உடம்பு முடிந்தால் ஒரு சாயா. செங்கோட்டைப் பக்கத்துப் பழக்கம், டீயைச் சாயா என்றுதான் சொல்வான். அதைக் குடிக்கிற அழகு இருக்கிறதே! அவன் ஒரு கிளாஸை முடிப்பதற்குள் மலையில் ஒரு தேயிலைச் செடி நட்டு, வளர்த்து, கிள்ளிவிடலாம்.

"ஏலே, சாயா குடிக்க வந்தியா, சாய வந்தியா?" என்று அண்ணாச்சி குதித்தார்.

"சாயா குடிச்சாத்தான் அண்ணாச்சி, ஆளு சாயாம நிப்பான்."

"காத்துள்ளபோதே..."

"தூத்தணும். சரி. தூத்துத கை ஒடிஞ்சா மொறத்த யாரு பிடிப்பா? காத்தா பிடிக்கும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளத்திலிருந்து ஒரு வேன் வந்தது. இறங்கியவர்கள் அண்ணன் தம்பிகள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் வேன் ஒரு முழம் மேலே எழும்பியது. மூத்தவருக்குத் தேய்த்து முடித்ததும் இசக்கி கிளாஸைக் கையில் எடுத்தான். அண்ணாச்சிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"கிளாஸக் கீழ வையி. இப்ப அடுத்தவருக்குத் தேய்க்கலன்னா நாளைக்கு இந்தப் பக்கமே வராத!"

இசக்கி ஒரு மடக்குக் குடித்தான். ஊதினான். இன்னொரு மடக்குக் குடித்தான்.

"நாளைக்கு என்ன அண்ணாச்சி, இன்னைக்கே போறேன். கொட்டகை ஊரு பூரா இருக்கு. கை எனக்கு இது ஒண்ணுதான்."

குழாயடியில் எண்ணெய் போகக் கையைக் கழுவினான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே அருவிக்கு நடந்தான். சீசன் நேரத்தில் அவன் அருவியில் குளித்ததே கிடையாது. பந்தி பரிமாறுகிறவனுக்கு இலை ஏது? இன்று கூட்டத்தில் இடித்துப் புகுந்து, வலது தோளைத் தண்ணீருக்கு அடியில் கொடுத்தான். ஆயிரம் பேர் சேர்ந்து தோளில் குத்துவது போல இருந்தது. என்ன சொகம்!

அங்கே கொட்டகையில் அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துவிட்டு அடுத்த தம்பியின் முதுகில் இறங்கிவிட்டார். அந்தத் தம்பி திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தேய்க்கீரா? இல்ல பூனையத் தடவுதீரா?"

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. கையை உதறியபடி அருவிக்கரைக்கு ஓடிவந்தார். கம்பிக்கு வெளியே நின்று கத்தினார்.

"ஏலே இசக்கி, வந்துருலே!"

இசக்கி காதைக் காட்டினான். "கேக்கல அண்ணாச்சி!"

"நீ சொன்னபடியே இருந்துக்கோ!"

"எது சொன்னபடி? சத்தமா!"

அண்ணாச்சி அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். "சாயா! ஒடம்புக்கு ஒரு சாயா!"

குளித்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பியது. யாரோ தடையை மீறிக் கரையில் நின்று சாயா விற்கிறான் என்று நினைத்த, காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு அண்ணாச்சியை நோக்கி ஓடிவந்தார்.

இசக்கிக்கு எல்லாம் முதல் தடவையே காதில் விழுந்திருந்தது. "இந்தா வாரேன் அண்ணாச்சி. ஒரு தோளுதான் முடிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, இடது தோளைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுத்தான்.