ஏழு முறம் மல்லாட்டையும் ஓர் இன்டர்வியூவும்

இன்டர்வியூ கார்டு வந்த அன்றைக்கு, எனக்கு இருபத்தைந்து வயது முடிய ஐந்து வாரம் பாக்கி இருந்தது. இருபத்தைந்து தாண்டிவிட்டால் அப்புறம் எந்த ஆபீசும் வாசல்படி ஏற விடாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை மஞ்சள் பையோடு பரணில் போட்டுவிட வேண்டியதுதான். ஐம்பதுகளின் கடைசி அது. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஏலம் நடக்கும் மார்க்கெட் கமிட்டியில், மூட்டைகளைத் தரம் பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. மனுப்போட்ட பதினான்கு இடங்களில் கார்டு வந்தது அதற்கு மட்டும்தான்.

நான் திண்டிவனம் டவுனில் பிறந்தவன். எங்கள் வீட்டுக்கு ஒரு முழம் நிலம்கூடக் கிடையாது. கல்யாணமாகி ஏழு மாதமாக, திண்டிவனத்திலிருந்து மூன்று மைல் தள்ளி இருந்த மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோற்றில் குறை இல்லை, மரியாதையிலும் குறை இல்லை. அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. கார்டு வந்த சேதி கேட்டு மாமனார் என்னிடம் வந்து, "கெடைச்சா நல்லதுங்க மாப்ளே. கெடைக்கலன்னாலும் பரவாயில்லை, கொல்லை கழனியைப் பாத்துக்கினு இங்கியே இருங்க. எனக்கும் வயசாவுது" என்றார். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கோ உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலையை வாங்காமல் அந்த வீட்டில் இன்னொரு வாய் சோறு தின்பதில்லை என்று மனசுக்குள் சபதம் போட்டேன். மத்தியானம் தின்றேன் என்பது வேறு விஷயம்.

இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் இருந்தது. உடனே தயாரிப்பில் இறங்கினேன். திண்டிவனத்தில் ஒரு பழைய சிநேகிதனிடம் பொது அறிவுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். நாடுகள், தலைநகரங்கள், நீளமான ஆறுகள், உயரமான மலைகள் என்று காலையிலிருந்து நெட்டுருப் போட்டேன். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்று, "குட் மார்னிங் சார்" என்று காளை மாட்டைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும், கையை மடிமேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. அதையும் அங்கேயே ஒரு முக்காலி போட்டுச் செய்து பார்த்தேன்.

இதையெல்லாம் என் மனைவி சாணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இருபது, இருபத்தொன்று இருக்கும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. ஏழு மாதத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"அங்க இன்னாங்க கேப்பாங்க?" என்றாள்.

"பொது அறிவு."

"வேலை இன்னா வேலை?"

"மல்லாட்டை தரம் பாக்கிறது."

"நீங்க மல்லாட்டையைப் பாத்துக்கீறீங்களா?"

"தெனமும் தின்னுக்கினுதானே இருக்கேன்!" என்று சிடுசிடுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சித்திரை மாதம், கிணற்றுப் பாசனத்து மல்லாட்டை பிடுங்கும் நேரம். அரை மணியில் கூடத்தில் ஏழு முறம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஏழிலும் மல்லாட்டைக் காய். என் கண்ணுக்கு ஏழும் ஒன்றுதான். முதல் முறத்தைக் காட்டி, "இது எப்பிடி இருக்கு, சொல்லுங்க" என்றாள். குனிந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றேன். இரண்டாவது? அதுவும் நல்லாத்தான் இருந்தது. ஏழாவது வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. அவள் என் தோளிலிருந்த துண்டை உருவி என் கண்ணைக் கட்டிவிட்டாள்.

"இன்னா பண்ற நீ?"

"கண்ணு ஏமாத்தும்ங்க. வெளயாத காயை அடியில போட்டு, நல்ல காயை மேல பரப்பித்தான் மூட்டையைத் தைப்பாங்க. கை ஏமாறாது. தொட்டுப் பாருங்க."

அப்படி ஆரம்பித்தது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை. நேற்றுப் பிடுங்கிய காய் கையில் சில்லென்று, கனமாக இருக்கும். நன்றாகக் காய்ந்ததைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று பேசும். போன வருஷத்துக் காயின் ஓட்டில் ஒரு தூசி வாடை. பருப்பே இல்லாத பொக்குக் காயை இரண்டு விரலால் அழுத்தினால், இதோ உடைகிறேன் என்று சொல்லும். இதெல்லாம் இன்று எழுதுகிறபோது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதல் வாரம் நான் சொன்னதில் பாதிக்கு மேல் தப்பு. நாலாம் நாள் பொறுமை கெட்டு, "இதுக்குத்தான் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சேனா?" என்று கத்தி, கையிலிருந்த முறத்தைச் சுவரில் வீசி, மற்ற ஆறையும் காலால் தள்ளிவிட்டேன். கூடம் முழுக்கக் காய் சிதறியது. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஏழு முறத்துக் காயும் கலந்து கிடந்ததே, அதைப் பொறுக்கும்போதே அந்தந்த முறத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை, கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா போடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கையில் கொடுத்து, "இதுல பொக்கு எத்தினி?" என்றேன். கையை ஒரு தடவை குலுக்கினாள். "நாலு" என்றாள். அவ்வளவையும் உடைத்துப் பார்த்தேன். நாலு. இன்னொரு பிடி. "ஒண்ணு. ஆனா ரெண்டு சூம்பிப் போனது இருக்கு." உடைத்தேன். அப்படியே இருந்தது.

விடுவேனா? எங்கள் பக்கத்து மரக்காலுக்கு நாலு படி. அப்படி ஒரு மரக்கால் காயை அளந்து அவள் முன்னால் கொட்டி, "இதை ஒடைச்சா எத்தினி பருப்பு தேறும்?" என்றேன். குவியலுக்குள் கையை விட்டு, மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். "ஒண்ணரைப் படி. அதுக்கு மேல ஒரு ஆழாக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். நான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அந்த மரக்கால் காயையும் உடைத்தேன். கட்டைவிரல் வீங்கிப்போயிற்று. படியில் போட்டு அளந்தேன். ஒன்றரைப் படி போக மீந்ததை, படியில் எட்டிலொரு பங்கு பிடிக்கும் ஆழாக்கில் கொட்டினேன். விளிம்பு வரை வந்து நின்றது. இன்னும் பத்துப் பருப்பு போட்டால் கோபுரம் கட்டியிருக்கும்.

அம்மாடி! எனக்குப் புல்லரித்துப் போயிற்று. ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. ஏழு மாதமாக இந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டு, என் வேட்டி துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தவளை அன்றைக்குத்தான் நான் முதல் முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். குடத்தோடு அவள் திரும்பி வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். "இன்னாங்க, ஏன் எழுந்தீங்க?" என்று பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிலிருந்து முறத்தை வீசவில்லை. அவள் சொன்னதைக் கேட்டேன்.

நாலாம் வாரம் அவள் புதிதாக ஒன்று வைத்தாள். இரண்டு முறம், இரண்டிலும் ஈரக் காய். ஒன்று சரியாகக் காயப் போடாதது. மற்றது நன்றாகக் காய்ந்த பிறகு, எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. "மேல தெளிச்ச தண்ணி ஓட்டோட நின்னுடும்ங்க. ஓடு நமுத்துக்கினு இருக்கும், ஆனா பருப்பு உள்ள ஆடும். காயாத காயில பருப்பு ஆடவே ஆடாது" என்று அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஆறாம் நாள் தொடர்ந்து இருபது தடவை சரியாகச் சொன்னேன். "போதும், போய்ட்டு வாங்க" என்றாள்.

விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் போனேன். கமிட்டி ஆபீஸ் வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். கோட்டுப் போட்ட பி.ஏ. ஒருவர்கூட இருந்தார். எல்லார் கையிலும் அதே பொது அறிவுப் புத்தகம். இது போனால் எல்லாம் போச்சு என்ற நினைப்பு ஒரு பக்கம், மாமனாரின் கொல்லை ஒரு பக்கம். பதினொன்றரை மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடி போட்ட அதிகாரி. ஆறும் மலையும் தலைநகரமும் யாரும் கேட்கவில்லை. நான் நெட்டுருப் போட்டதெல்லாம் அப்படியே உள்ளேயே கிடந்தது. பெயர், ஊர் கேட்டுவிட்டு, அவர் மேஜைமேல் இரண்டு தட்டை நகர்த்தினார். இரண்டிலும் காய். "ரெண்டும் ஈரம்தான். என்ன வித்தியாசம்?"

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. "சார், கண்ணை மூடிக்கலாமா?" என்று கேட்டேன். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூடிக்கொண்டு தொட்டேன், அழுத்தினேன், காதருகே ஆட்டினேன். "இது காயாத காய் சார். இது காஞ்ச பிறகு தண்ணி தெளிச்சது" என்றேன். கண்ணைத் திறந்தபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். காலையிலிருந்து யாரும் இதைச் சொல்லவில்லை என்றார்.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"சொந்த அனுபவம் சார். சின்ன வயசுலேர்ந்து கொல்லையிலேயே கிடந்தவன்."

எப்படித்தான் வாய் வந்ததோ! கொஞ்சம்கூடக் கூசவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, மூலையில் இருந்த ஒரு மூட்டையைக் காட்டினார். "ரொம்ப நல்லது. அப்ப இதுல ஒரு மரக்கால் உடைச்சா எவ்வளவு பருப்பு தேறும், சொல்லுங்க."

மூட்டைக்குள் கையை விட்டேன். மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி. கை ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது ஒரு கணக்கை அடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. அவள் அன்றைக்குச் சொன்ன மாதிரி சொல்ல இந்த ஜென்மத்தில் என்னால் ஆகாது என்று அந்த இடத்தில் புரிந்துவிட்டது.

"தெரியலை சார். முன்னாடி சொன்னது பொய். இதெல்லாம் எனக்கு என் சம்சாரம் சொல்லிக்கொடுத்தது. அவளைக் கேட்டா ஆழாக்குக் கணக்கா சொல்லிடுவா."

மூவரும் சிரித்தார்கள். அதிகாரி மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப கார்டை அந்தம்மாவுக்கு இல்ல அனுப்பியிருக்கணும்!" என்றார். நானும் சிரித்தேன். வேலை போயிற்று என்று நினைத்துத்தான் சிரித்தேன். அவரோ சிரிப்பு அடங்கியதும், "ஒண்ணாம் தேதி வந்துடுங்க. ஆர்டர் தபாலில் வரும்" என்றார்.

திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைலையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். அவள் களத்தில் காயப் போட்ட காயைத் துழாவிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்றேன். முகம் மலர்ந்து போயிற்று அவளுக்கு. தட்டை நகர்த்தியது, நான் கண்ணை மூடியது, பொய் சொன்னது, மாட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அதிகாரி மேஜையைத் தட்டியது மாதிரியே தொடையைத் தட்டி, "கார்டை அந்தம்மாவுக்கு இல்ல அனுப்பியிருக்கணும்!" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. காலால் துழாவிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். "நெசமாவா? அப்பிடியேவா சொன்னாரு?" என்றாள். ஆமாம் என்றேன். "இன்னொரு தபா சொல்லுங்க." சொன்னேன். மூன்றாம் தடவையும் சொல்ல வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த வேலைக்குக் கையெழுத்து போடத் தெரிஞ்சா போதுங்களா? இல்ல, படிக்கவும் தெரியணுமா?"

"எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருக்கணும்" என்றேன்.

"அது எத்தினி வருசம்?"

"பதினோரு வருசம்."

என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினோரு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவன், அவள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, அவ்ளோதான்" என்றேன்.