மொட்டை மாடியில் நின்ற ரயில்

முந்தின வாரம் சனிக்கிழமை சாயங்காலம் நான் ஒரு பொய் சொன்னேன். எங்கள் அபார்ட்மென்ட்டே கூடியிருந்த இடத்தில், சத்தமாக, கையைக் காலை ஆட்டிச் சொன்னேன்.

பொய் எனக்குப் புதிதில்லை. 'இதோ பக்கத்துலதான் வந்துட்டேன்' என்று போனில் சொல்லிக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுகிற ஆசாமிதான் நான். ஆனால் சினிமா விஷயத்தில் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. அதிலும் நான் யார்? வாராவாரம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'நம்ம ஆட்களுக்குச் சினிமா பார்க்கவே தெரியவில்லை' என்று உங்களைத் திட்டுகிறவன்!

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட். மாதம் ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் சினிமா போடுவது என்று அசோசியேஷனில் முடிவாயிற்று. 'பழைய நல்ல படமா ஒண்ணு நீங்களே செலக்ட் பண்ணுங்க சார்' என்றார்கள். கேட்டதே போதும் என்று நான் ஒரு கறுப்பு-வெள்ளைப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சிறுகதையை வைத்து எடுத்த படம். பெயர் வேண்டாம். அதன் தயாரிப்பாளர் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம், எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன்.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. ரயில் பாதை ஓரமாகப் புறநகரில் ஒரு வீடு. கணவன் காலையில் ரயில் ஏறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போவான், இருட்டின பிறகு வருவான். நடுவில் மனைவி. சமையல், கிணற்றடி, ஜன்னல், போகிற வருகிற ரயில்கள். அவ்வளவுதான். ஒரு நாள் அவளுக்கு வேலைக்கான உத்தரவு வருகிறது. வீட்டில் எல்லோரும் 'வேண்டாம்' என்கிறார்கள். ஒருத்தர்கூட அதட்டவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் கொடுமை! ஒரு நாள் காலையில் அவள் தலை வாரிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறாள்...

ஏறினாளா, இல்லையா?

இங்கேதான் என் கோபம். எழுதியவர் அவளை ரயிலில் ஏற்றிவிட்டார். படம் எடுத்தவர்கள் ஏற்றினார்கள், ஏற்றிவிட்டு அடுத்த ஸ்டேஷனிலேயே இறக்கி, வீட்டுக்கு அழைத்துவந்து, விளக்கு ஏற்ற வைத்து, 'வணக்கம்' போட்டுவிட்டார்கள். படம் முடிந்ததும் இந்த இரண்டு முடிவுகளைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றுவதாக எனக்கு உத்தேசம். குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். என்னை யார் பேசச் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.

இப்போது மலர்விழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலர், மூன்றாவது மாடி. கணவன் சரவணன், இரண்டு வயதில் ஒரு பையன், மாமியார் ராணியம்மா. மலர் முன்பு கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தவள். பிரசவத்தோடு வேலையை விட்டாள். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஆவடியில் ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்துவிடலாம். திங்கட்கிழமைக்குள் சரியா, இல்லையா என்று பதில் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் லிஃப்ட் அவ்வளவு மெதுவாகப் போகும். தரைத் தளத்தில் பட்டனை அழுத்தினால் மூன்றாவது மாடி வருவதற்குள் ஒரு குடும்ப விவகாரத்தை ஆதியோடந்தமாகக் கேட்டுவிடலாம்.

அந்த லிஃப்டில்தான் சரவணன் சொன்னான். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். பையன் கொஞ்சம் பெரிசாகட்டுமேன்னு பாக்கறேன்." நல்ல பையன். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவன். அதனாலேயே எதற்கும் முடிவு எடுக்காதவன்.

அதே லிஃப்டில்தான் ராணியம்மாவும் சொன்னார். இவர் அம்பத்தூர்க்காரர். அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் பிறகு தொழிற்பேட்டை வந்தது. அதே தொழிற்பேட்டையில் கல்யாணமான புதிதில் இவர் வேலை பார்த்திருக்கிறார். "எனக்கு முட்டி வலி சார். கொயந்த பின்னாடி ஓட முடியுமா? நானுந்தான் அந்தக் காலத்துல வேலைக்குப் போனேன், வாணாம்னாங்கோ, உட்டேன். ஊடு இன்னா முழுவியா பூட்ச்சு?"

பக்கத்தில் நின்ற மலர், லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஆறரை மணிக்கெல்லாம் மாடி நிறைந்துவிட்டது. அவரவர் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி, கொசுவர்த்திச் சுருள், சுண்டல். எங்கள் எலெக்ட்ரீஷியன் டில்லிபாபு ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைக் கட்டி, ஏரிக் காற்றுக்குப் பறக்காமலிருக்க அடியில் செங்கல் வைத்திருந்தார். புரொஜெக்டர் அவருடைய பொறுப்பு. படத்தில் முதல் ரயில் வந்ததுமே, "சார், இது நம்ம அண்ணனூர் கேட்டாண்ட மாதிரியே கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருத்தரும் போகவில்லை. மலர் மூன்றாவது வரிசையில் பையனை மடியில் தூங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராணியம்மா. அந்தப் பக்கம் சரவணன். வேலைக்கு உத்தரவு வரும் காட்சியில் மூன்று பேருமே ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் திரையைப் பார்க்காமல் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடப்பாவி, இந்தப் படத்தையா கொண்டுவந்தோம்! சத்தியமாக அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஸ்டேஷன் காட்சி வந்தது. பிளாட்பாரத்தில் ரயில் வந்து நிற்கிறது. அவள் கைப்பிடியைப் பிடிக்கிறாள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கிறாள்...

மழை.

தூறலெல்லாம் இல்லை. ஏரிப் பக்கமிருந்து ஒரே சாத்து. "பொட்டிய மூடு, பொட்டிய மூடு!" என்று கத்திக்கொண்டே டில்லிபாபு புரொஜெக்டர் மேல் பாய்ந்தார். அதற்குள் அதன் உயிர் போய்விட்டது. பெட்ஷீட் அறுந்து தண்ணீர் டேங்க் மேல் போய்ச் சுற்றிக்கொண்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லோரும் மாடிப்படியில் போய் அடைந்தோம். லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். நனைந்த கூட்டம் படிக்கு நாலு பேராக நிற்கிறது.

"சார், முடிவு என்ன சார்?" யாரோ ஆரம்பித்தார்கள்.

"ஆமா சார், சொல்லுங்க, தலை வெடிச்சிடும்." ஒருவர் போனை எடுத்துத் தேடிப் பார்த்தார். டேங்குக்கு அடியில் சிக்னல் இல்லை.

எனக்கோ வாய் துறுதுறுவென்றது. இதைவிட நல்ல மேடை கிடைக்குமா? 'கதையில ஒண்ணு, படத்துல ஒண்ணு' என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது மலர் கேட்டாள். பையனை முந்தானையால் போர்த்தித் தோளில் போட்டிருந்தாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏறிட்டாளா சார்?"

அவள் கேட்ட விதம் இருக்கிறதே... சினிமாவில் என்ன ஆயிற்று என்று கேட்கிற குரல் இல்லை அது. டாக்டரிடம் ரிப்போர்ட் கேட்கிற குரல். பின்னால் அவள் கணவன். ஒரு படி கீழே மாமியார், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு.

"ஏறிட்டா" என்றேன்.

அதோடு விட்டேனா? கதையில் எழுதியவர் வைத்த கடைசிக் காட்சியை அப்படியே படத்தில் வந்ததாகச் சொன்னேன். ரயில் புறப்படுகிறது. தண்டவாளத்தை ஒட்டி அவள் வீட்டுக் கொல்லைப்புறம் வருகிறது. கொடியில் அவள் காலையில் துவைத்துப் போட்ட துணிகள். இத்தனை வருஷம் வீட்டிலிருந்து ரயிலைப் பார்த்தவள், அன்றைக்குத்தான் ரயிலிலிருந்து வீட்டைப் பார்க்கிறாள். 'அவ்வளவுதான், படம் முடிஞ்சுது' என்றேன்.



"கதைதானே சார்" என்றான் சரவணன், யாரும் கேட்காமலே.

ராணியம்மா என்னை உற்றுப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பி, டில்லிபாபுவிடம் புரொஜெக்டரின் உடல்நிலையை விசாரிக்கப் போனேன்.

ஞாயிறு காலை காலிங் பெல். ராணியம்மா நிற்கிறார், கையில் என் நாற்காலியோடு. மழையில் நாற்காலிகள் வீடு மாறிவிட்டன. உள்ளே வந்தவர் அதே நாற்காலியைக் கூடத்தில் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார் நீ, நேத்து அத்தினி பேரு முன்னாடி புளுகுனே?"

"என்னம்மா சொல்றீங்க?"

"அந்தப் படத்த நான் பாத்துகீறேன் சார். அம்பத்தூர்ல டென்ட்டு கொட்டாயில பழைய படம் போடுவான். ஏறுவா, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி ஊட்டாண்ட வந்துடுவா. வெளக்கு ஏத்துவா. கொட்டாயே அயுதுச்சு."

பிடிபட்ட திருடன் என்ன சொல்வான்? தலையைச் சொறிந்தேன்.

ராணியம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "அப்ப நான் போல்ட்டு கம்பெனில பேக்கிங் செக்சன். ஊட்ல எல்லாரும் வேலைய உட்டுடு, உட்டுடுன்னு சொல்லிகினு இருந்தாங்கோ. நானும் முடியாது, முடியாதுன்னுகினு இருந்தேன். ஒரு ஞாத்திக்கெயம செக்சன் பொண்ணுங்க எல்லாம் சேந்து அந்தப் படத்துக்குப் போனோம். அவ எறங்கி வந்ததும், சரி, இவ்ளோ படிச்ச பொண்ணே திரும்பி வந்துட்சு, நாம இன்னா பெரிய இதுன்னு தோணிச்சு. அந்த வாரமே நின்னுட்டேன்."

முட்டியைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"அன்னிக்கி அவ எறங்காம இருந்திருந்தா நானும் எறங்கியிருக்க மாட்டேன் சார்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நேத்து நீ புளுக சொல்லோ அத்தச் சொல்லிடலாம்னு வாய் வரிக்கும் வந்துட்சு. மலரு மூஞ்ச பாத்தேன். உட்டுட்டேன்."

எத்தனையோ விமர்சனம் எழுதியிருக்கிறேன். 'முடிவு சொதப்பல்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். அந்தச் சொதப்பல் ஒரு பேக்கிங் செக்‌ஷன் வரை வந்து ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறது. அது எனக்கு எங்கே தெரியும்?

"முட்டி வலிக்கு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அது வலிக்கும். வலிக்கட்டும். கொயந்தைய நான் பாத்துக்குறேன்னு காலீல சரவணன்கிட்ட சொல்லிட்டேன். முய்க்கிறான்." எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார். "சார், நீ அவள ரயில்ல ஏத்தி உட்டுட்டே. அப்புறம் மலருகிட்ட போயி, இல்லம்மா, படத்துல வேறன்னு எறக்கி உட்டுடாதே. உன் வாயி சும்மா இருக்காது."

சத்தியம் செய்யாத குறைதான். மலர் அடுத்த புதன்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

உடனே எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். பையன் இரண்டு நாள் அழுதான். ராணியம்மா தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மருமகளையும் மகனையும் மாறி மாறித் திட்டினார். சரவணன் குக்கர் வைக்கக் கற்றுக்கொண்டதில் மூன்றாவது மாடி முழுக்கப் பருப்புத் தீய்ந்த வாசனை. பரவாயில்லை, தீய்ந்தாலும் பருப்பு பருப்புதான்.

நேற்றுச் சாயங்காலம் லிஃப்டில் மலர். தோளில் ஆபீஸ் பை, கையில் டிபன் பாக்ஸ். நாங்கள் இரண்டு பேர்தான். லிஃப்ட் வழக்கம்போல் முனகிக்கொண்டு கிளம்பியது.

"சார், அந்தப் படத்தோட மீதியப் பாத்துட்டேன். நெட்ல இருக்கு."

"எ... எப்போ?"

"முதல் நாளே சார். வேலைக்குப் போறப்போ, டிரெயின்ல. ஆவடியில ஏறி உக்காந்ததும் போன்ல போட்டேன்." சிரித்தாள். "அவ அடுத்த ஸ்டேஷன்லயே எறங்கிட்டா சார்."

"மலர், அது வந்து..."

"நான் பட்டரவாக்கத்துலதான் எறங்கினேன்."

மூன்றாவது மாடி வந்துவிட்டது. கதவு திறந்ததும் ஒரு காலை வெளியே வைத்தவள், நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சார், அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க இன்னும் அவ ஏறிப் போயிட்டான்னுதான் நம்பிக்கிட்டிருக்காங்க."

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் மூச்சு விடவில்லை — உங்களைத் தவிர!