மிங்காவின் இரண்டு நாள் பட்டினி

"செவ்வாய், காலை 7.10. கழிச்சல், நான்காம் முறை. தண்ணீர் கொஞ்சம். உணவு இல்லை, இரண்டாம் நாள்." என் குறிப்பேட்டில் நான் எழுதிய வரிகள் இவை. விலங்குக் காப்பகத்திலிருந்து வீட்டுக்கு வந்து ஐந்தே நாளான மிங்கா என்ற பூனையைப் பற்றியவை. நான் டைல்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இந்த ஜெர்மன் சிற்றூரில், அன்று மாலை கால்நடை மருத்துவமனையில் காத்திருந்தபோது, "மிங்கா கோவிந்தசாமி!" என்று கூப்பிட்டார்கள். இங்கே வளர்ப்புப் பிராணியைக்கூட வளர்ப்பவரின் குடும்பப் பெயரோடுதான் பதிகிறார்கள். எனக்குக் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். விருத்தாசலத்தில் செராமிக் சூளையின் முன் வாழ்நாளெல்லாம் நின்ற மனிதரின் பெயருக்கு, கூடைக்குள்ளிருந்து ஒரு பூனை தலை தூக்கிப் பார்த்தது.

நடந்தது இதுதான். பழகிய தீனியையே கொஞ்ச நாள் போடுங்கள் என்று காப்பகத்தில் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார்கள். புதிதாக வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு முதல் நாளே பழைய தீனியா என்று நான் மீன் வேகவைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் வயிறு இளகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஊரில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் என் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"பூனை கழியறதுக்கெல்லாம் எனக்குப் போனா? நல்லா இருக்குதுடா உங்க ஜெர்மனி!" என்று சிரித்தாள். "சோத்த நிறுத்து. வயித்த காயப் போட்டா தன்னால நின்னுடும்."

எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு கெட்டாலும் அதுதான் வைத்தியம். நிறுத்தினேன். கதவோரம் நின்று மிங்கா கத்திய நேரங்களைக்கூடக் குறித்து வைத்தேன்.

மருத்துவர் என் வயதுப் பெண்மணி. குறிப்பேட்டைக் கொஞ்சம் பெருமையோடுதான் வாசித்துக் காட்டினேன். "உணவு இல்லை" என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். நான்தான் நிறுத்தினேன் என்றேன். "எதற்காக இதைத் தண்டித்தீர்கள்?" என்று கேட்டார். தொழிற்சாலைக்காகக் கற்ற என் ஜெர்மனில் இயந்திரத்தை நிறுத்துவதற்குச் சொற்கள் உண்டு. வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதற்கு இல்லை. "தண்டனை இல்லை, மருந்து. எங்கள் வீட்டில் எங்களுக்கும் இப்படித்தான்" என்றேன். இப்படிக் கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலே கெட்டு உயிர் போகலாம் என்றார். இரத்தம் எடுத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "குழந்தைகளுக்குமா?" என்றார்.

"ஆமாம்" என்றேன், சாதாரணமாக. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தம்பி சேகர் இறந்தான். அவனுக்கு ஒன்றரை வயது. குடும்ப வரலாறாக நான் எழுதிவரும் நோட்டில் அவனுக்கு ஒரே வரி: "வாந்திபேதியால் இறப்பு." வயிற்றுப்போக்கில் பிள்ளைக்குக் கஞ்சியை நிறுத்தக் கூடாது, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படித்தது ஒரு முறைகூடச் சேகரின் பக்கம் திரும்பியதில்லை. சோற்றுப் பானையைக் கைகாட்டி அவன் அழுதது மட்டும் இப்போது நினைவுக்கு வருகிறது.

மிங்காவின் கல்லீரல் தப்பிவிட்டதாக மறுநாள் சொன்னார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும் என்று அட்டவணை கொடுத்தார்கள். மடியில் பூனையைக் கிடத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் கூழை ஊட்டிக்கொண்டே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, சேகருக்கு எத்தன நாளு சோறு குடுக்கல?"

அவள் பக்கத்தில் யாரோ பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் ஓசை விலகிப் போனது. போனோடு வெளியே வந்திருந்தாள்.

"அப்பா குடுக்காதன்னாரு. பானைக்குப் பக்கத்துல என்னத்தான் காவலுக்கு உக்கார வெச்சாங்க. எனக்குப் பத்து வயசுடா."

"எத்தன நாளுக்கா?"

"ரெண்டோ, மூணோ. வேற ஏதாச்சும் கேளு." பிறகு, "எழுதறதா இருந்தா எம்பேரப் போடாத" என்றாள்.

போடவில்லை. அவள் போனை வைக்கவுமில்லை. ஒரு காதில் விருத்தாசலத்து மூச்சு. மடியில், அப்பாவின் பெயரைச் சுமந்த ஒரு ஜெர்மன் பூனை விழுங்கும் சத்தம். அன்றிரவு நோட்டில் சேகரின் வரிக்குக் கீழே இவ்வளவுதான் சேர்க்க முடிந்தது: "உணவு நிறுத்தப்பட்டது. எத்தனை நாள், இறப்புக்கு அதுதான் காரணமா: இரண்டும் உறுதிசெய்யப்படவில்லை."