பின்சீட்டில் தூங்கிய குழந்தை

துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் கோடையில் லீவுக்கு வந்திருந்தபோது, உறவினர்களோடு வாடகை வேனில் மன்னார்குடியிலிருந்து தாராசுரம் கோயிலுக்குப் போனோம். அவர் வாங்கி வந்த சிவப்புத் தொப்பியை எங்கள் ஆறு வயது மகள் சுதா காலையிலிருந்து தலையை விட்டு எடுக்கவில்லை.

மத்தியானம் கிளம்பும்போது, பின்சீட்டில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அவள் தூங்குவதைப் பார்த்தேன். எழுப்ப மனம் வரவில்லை. "எல்லாரும் ஏறியாச்சு, எடுங்க" என்று டிரைவரிடம் சொன்னேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வெகுநேரமாகியும் திறக்கவில்லை. வேனுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று தொப்பியை எடுத்தேன்.

அது சுதா இல்லை. சுதா வயதில், நான் பார்த்தே இராத வேறொரு சிறுமி. அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"இந்தத் தொப்பி உனக்கு ஏதும்மா?"

"அந்தப் பொண்ணு குடுத்துட்டு ஒளிஞ்சுகிட்டா. வேன்ல வந்து தேடினேன், அப்படியே தூங்கிட்டேன். இன்னும் கண்டுபிடிக்கல."

வேனைத் திருப்பினோம். கோயில் வாசலில் பூக்கார அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி சுதா நின்றிருந்தாள். பக்கத்தில், அந்தப் பெண்ணின் தாய் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போதெல்லாம் வண்டி கிளம்பும் முன் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். தூங்கும் குழந்தையையும் எழுப்பிவிடுவேன். சிணுங்கினால் சிணுங்கட்டும்.