அறுபது இடது கைகள்

தையல்கூடத்தில் அவளுக்குப் பெயர் கத்திரி. ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் சீருடை தைக்கும் அந்த இடத்தில், துணி வெட்டும் மேசை இருபத்திரண்டு வருடமாக அவளுடையது. முப்பது அடுக்குத் துணியை விரித்து, அட்டை அச்சை வைத்து, நின்றபடியே மின்கத்தியை ஓட்டுவாள். வாயும் சேர்ந்து ஓடும். "உனக்கு நாக்குலயும் ஒரு பிளேடு மாட்டியிருக்கு" என்பாள் இஸ்திரி அக்கா.

ஐம்பத்தோராவது வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அண்ணி வந்து பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். ஆறாம் வாரம் அறுவை செய்த டாக்டர் தழும்பைப் பார்த்துவிட்டு, "அழகா ஆறிடுச்சு, வேலைக்குப் போகலாம்" என்றார்.

தழும்பு ஆறியிருந்தது. அவள்தான் தேறவில்லை. பல் தேய்த்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது. வலி என்று எதுவுமில்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் கண்ணே மூடாதவள் போல எழுந்தாள். கழுவ வேண்டிய ஒரே ஒரு தம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வேலைக்குப் போன மூன்றாம் நாள் அது நடந்தது. சட்டைக் கைக்கான அச்சை ஒருமுறை நேராகவும் ஒருமுறை திருப்பியும் வைக்க வேண்டும். இரண்டு முறையும் நேராகவே வைத்து வெட்டிவிட்டாள். அறுபதும் இடது கை. தைக்க எடுத்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி திட்டவில்லை. "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

அன்று மாலை அண்ணி போன் செய்தாள்.

"புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னும் என்ன? படுத்தே கிடந்தா உடம்பு அப்படித்தான் கேக்கும். எனக்கு ரெண்டு ஆபரேஷன் ஆச்சு, பதினஞ்சாம் நாளே துணி துவைச்சேன்."

"சரி அண்ணி."

வேறென்ன சொல்வது? சோம்பேறி என்று அவளே தன்னை நினைக்கத் தொடங்கியிருந்தாள். பிறகு போன் மணி அடித்தாலும் எடுக்கவில்லை. பேசுவதே மூட்டை தூக்குவது போலிருந்தது. எடுக்காதவளை எத்தனை நாள் கூப்பிடுவார்கள்? மெல்ல மெல்ல மணி அடிப்பதும் நின்றது. மூன்றாம் மாடி ஜன்னல் வழியே எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்வதைப் பார்த்தபடி பகல் போகும். தையல் சரியில்லாத சட்டை கண்ணில் படும். சொல்ல ஆளில்லை.

பதினோராம் வாரம் பேருந்தேறி வேறொரு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே இருந்த பெண் டாக்டர் ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார். குறை எதுவும் இல்லை. பிறகு ஒரு கைப்பிடிக் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் நன்றாகவே ஏறியது.

"கையில பலம் இருக்கு" என்றார் டாக்டர்.

"அப்போ நான் நடிக்கிறேனா டாக்டர்?"

கேட்டதும் அழுகை வந்துவிட்டது. டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"இல்லம்மா. ஆபரேஷன்ங்கிறது உடம்புக்குப் பெரிய காயம். காயத்தை ஆத்தப் போராடற செல்கள் மூளைக்கும் சேதி அனுப்பும், ரத்தம் வழியாவும் நரம்பு வழியாவும். உடனே மூளை, 'அசையாதே, ஆறற வரைக்கும் சக்தியைச் சேத்து வை'ன்னு பிடிச்சு நிறுத்துது. வேலை செய்யணும்ங்கிற உந்துதல் குறையும். சின்ன வேலைகூட மலையா தெரியும். சிலபேருக்குப் புண் ஆறின பிறகும் மூளை அந்தப் பிடியை விடறதில்லைன்னு நினைக்கிறோம். தூக்கமும் கெட்டா இன்னும் இழுக்கும். ஏன் சிலருக்கு மட்டும்னு முழுசா யாருக்கும் தெரியாது."

"சோம்பேறித்தனம் இல்லையா?"

"சோம்பேறி பஸ் ஏறி இவ்வளவு தூரம் வருவாளா?"

வெளியே வந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். உடம்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் தன்னைத் தானே திட்டிக்கொள்வது நின்றிருந்தது. அண்ணனுக்குப் போன் செய்து டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்றதுக்கும் தெம்பு வேணுமில்லண்ணா."

டாக்டர் சொன்னபடி முதலில் தெருமுனை வரை நடந்தாள். களைப்பு முற்றும் முன்பே உட்காரப் பழகினாள். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்தாள். ஒருநாள் தெருமுனை தாண்டிப் போய்விட்டு, அடுத்த இரண்டு நாள் படுக்கையிலேயே கிடந்தாள். நான்காம் மாதம் காலை நேரம் மட்டும் வேலைக்கு வந்தாள். மேசையருகே இஸ்திரி அக்கா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தாள்.

ஏழாம் மாதம் முழுநாளும் வேலை செய்ய முடிந்தது. மாலையில் மாடி ஏறும்போது மட்டும் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். அண்ணி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தையல்கூடத்தில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால், "புண்ணு ஆறிடுச்சா?" என்று கத்திரி கேட்பதில்லை. "காலைல எழுந்திரிக்க முடியுதா?" என்று கேட்பாள். பதில் வரும்வரை மின்கத்தியை நிறுத்தி வைத்திருப்பாள்.