குழம்புச் சட்டியை இறக்கி வைக்க ஓர் இடம்

எங்கள் வீட்டு டைனிங் ரூமைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். எழுபதுகளின் கடைசியில், நெல் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம், கூடத்தை ஒட்டி என் கணவர் அதைக் கட்டினார். சென்னையில் பேங்க் வேலையில் இருந்த கொழுந்தனார் சொல்லிக்கொடுத்த யோசனை. திருப்புலிவனம் பக்கத்தில் அப்போது எங்களுக்குத் தெரிந்து எந்த வீட்டிலும் அப்படி ஓர் அறை கிடையாது. மேஜை, ஆறு நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சமையற்கட்டு மட்டும் முற்றத்துக்கு அந்தப் பக்கம், இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன?

அதற்கு முன் எல்லோரும் சமையற்கட்டிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டிகளைக் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டு பரிமாறினேன். இப்போது ஒவ்வொரு கரண்டிக்கும் முற்றத்தைத் தாண்ட வேண்டும். சட்டிகளைக் கொண்டுவந்து மேஜை மேலேயே வைத்துவிடுகிறேன் என்றேன். மாமியார் விடவில்லை.

"நாலு பேரு துன்ற பலகைல சோத்துக் குண்டான வெச்சா எச்சி ஆவாதா? இன்னா பழக்கம் இது?"

ஆகவே ஓடினேன். சோறு போட்டுவிட்டு வந்தால் குழம்பு கேட்பார்கள். குழம்பை ஊற்றிவிட்டுத் திரும்பினால் உப்பு கேட்பார்கள். மழை நாளில் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ரசம் எடுத்துப் போயிருக்கிறேன். எல்லோரும் தின்று கை கழுவிய பிறகு நானும் மாமியாரும் சமையற்கட்டில் உட்காரும்போது சோறு சில்லிட்டுப் போயிருக்கும். அந்த அறை கட்டிய நாளிலிருந்து நான் சூடாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. இதற்குப் பெயர் வசதியாம்.

பிறகு கொழுந்தனார் இன்னொன்று கண்டுபிடித்தார். டைனிங் ரூம் என்றால் சைடு போர்டு இருக்க வேண்டுமாம். அதுவும் வெள்ளைக்காரன் காலத்துப் பழைய சாமானாக இருந்தால்தான் மதிப்பாம். செங்கல்பட்டில் பழைய மரச்சாமான் கடை ஒன்று இருப்பதாகச் சொல்லி அண்ணனும் தம்பியும் கிளம்பினார்கள். எனக்கு அங்கே துணி எடுக்க வேண்டியிருந்ததால் உத்திரமேரூரில் என்னையும் பஸ் ஏற்றினார்கள். மேஜை பார்க்க என்னை அழைத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று ஆள் உயரம். பின்பக்கம் பெரிய நிலைக்கண்ணாடி, ஓரமெல்லாம் திராட்சைக் கொத்துச் செதுக்கல், கீழே கண்ணாடிக் கதவு. இன்னொன்று இடுப்பளவுதான். கறுத்த ஈட்டி மரம், மேலே வெள்ளைப் பளிங்குக்கல், அதில் ஒரு மூலை விரிசல். ஆண்கள் இருவரும் நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்றார்கள். என் கணவர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். அதன் ஓர் இழுப்பறையைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. நான் திறந்தேன். உளுத்த மரத்தூள் என் கால் மேல் கொட்டியது.

கடைக்காரரிடம் கேட்டேன். "இது இன்னாத்துக்குங்க, இந்த மேஜ?"

"சைடு போர்டும்மா. தொரைங்க வூட்ல சமையல் ஒரு பக்கம், துன்ற ரூம் ஒரு பக்கம் இருக்கும். பட்லர் எல்லாத்தையும் ஒரே வாட்டி கொண்டாந்து இதும் மேல வெச்சிட்டுப் பூடுவான். வேணும்றவங்க எழுந்து வந்து போட்டுக்குவாங்க."

"தொரைங்களே எழுந்து வருவாங்களா?"

"பின்ன? அவங்களுக்குக் கால் இல்லியா?"

அப்படியே நின்றுவிட்டேன். சாப்பிடுகிற மேஜை வேறு, சட்டி வைக்கிற மேஜை வேறு. எச்சில் என்ற பேச்சுக்கே இடமில்லை. முற்றத்தை ஒரே ஒரு தடவை தாண்டினால் போதும். நானும் உட்காரலாம்.

"அடுப்புலேர்ந்து எறக்கி அப்படியே வெக்கலாமா?"

"கல்லு மேல தாராளமா வைங்க. அந்தக் கண்ணாடி போட்டதுல வெச்சா பாலீஷ் பொத்துக்கும்."

கல் மேஜையை வாங்கலாம் என்று சொன்னேன். கொழுந்தனார் சிரித்தார்.

"கல்லு மேஜய வாங்கி இன்னா அண்ணி பண்ணப் போறீங்க? துணி தொவைக்கவா?"

என் கணவரும் சிரித்தார். "ஏமே, நீ கம்முனு இரு. வர்றவன் கண்ணுல படணும். அத்தப் பாரு, லட்சணமா கீது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"வாங்கு. அந்தக் கண்ணாடியவே வாங்கு. நாளைலேர்ந்து அதையே சோறு போடச் சொல்லு. நான் முத்தத்தத் தாண்ட மாட்டேன்."

கடையில் சாமான் தூக்குகிறவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கடைக்காரர் வேறு, "அம்மா சொல்றதுல இன்னா சார் தப்பு கீது?" என்றார். என் கணவரின் முகம் தொங்கிப் போயிற்று. என் பேச்சில் நியாயம் கண்டு அவர் இறங்கி வரவில்லை. நாலு பேர் சிரிக்கிறார்களே என்றுதான் கல் மேஜைக்குத் தலையாட்டினார். அதோடு நேராகப் பஸ் ஏறிவிட்டோம். துணியும் எடுக்கவில்லை.

மேஜை வந்து இறங்கியது. வந்த வாரமே அதன் மேல் ரேடியோ ஏறியது. கொழுந்தனார் பிளாஸ்டிக் ரோஜாவும் பீங்கான் நாய் இரண்டும் வாங்கி வந்து வைத்தார். மாமியார் தன் பங்குக்குச் செட்டியார் பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினார். சட்டி வைக்க ஒரு சாண் இடம் இல்லை. எடுங்கள் என்று சொன்னால், "அது அழகுக்கு வெச்சிக்கீறது" என்றார்கள். நான் பழையபடி ஓடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாள் பொறுப்பது?

மாகறலிலிருந்து மாமியாரின் தம்பியும் சென்னையிலிருந்து கொழுந்தனாரும் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். ஆண்கள் கை கழுவப் போன நேரத்தில் ரேடியோ, ரோஜா, நாய், செட்டியார் எல்லாவற்றையும் தூக்கிக் கூடத்தில் தரையில் வைத்தேன். சோற்றுக் குண்டான், மீன் குழம்பு, ரசம், மோர் நான்கையும் கல் மேல் இறக்கினேன். என் தட்டில் சோறும் குழம்பும் ஒரு மீன் துண்டும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வெறும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இன்னாமே இது?" என்றார் கணவர்.

"எல்லாம் அங்க கீது. எழுந்து போட்டுக்குங்க."

"ஊட்டுக்கு வந்த ஆளு எதுருல..."

அவர் பேச்சை முடிப்பதற்குள் மாமியாரின் தம்பியே எழுந்துவிட்டார். "தொரை வூட்டு விருந்தா? செரி செரி" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர், சட்டியைக் கிளறி நடுத்துண்டாகப் பார்த்து எடுத்தார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதுக்குக் கரண்டியை விட்டார்.

"மாமா, மாமா, எங்களுக்கும் வெய்யி!" என்று கொழுந்தனார் நாற்காலி சாய எழுந்து ஓடினார். கணவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். மீன் குறைவது தெரிந்ததும் அவரும் எழுந்தார். கௌரவம் என்று இத்தனை காலம் என்னை ஓடவிட்டார்களே, அது ஒரு மீன் துண்டுக்குத் தாங்கவில்லை.

மாமியார் முற்றத்திலிருந்து ஓடி வந்தார். "ஆம்பளப் புள்ளைங்கள எழுந்து போட்டுக்க வெச்சிட்டு நீ துன்னுக்கினு கீறியா?" என்று கரண்டியைப் பிடுங்கினார். சட்டிக்குள் விட்டுத் துழாவினார். குழம்பு மட்டும்தான் வந்தது. மீன் குழம்பு வைத்த நாளெல்லாம் எங்கள் இருவருக்கும் மிஞ்சியது அதுதான். அன்று அவருக்கு மட்டும்.

ஒரு தட்டை எடுத்து அவருக்குச் சோறு போட்டேன். என் துண்டில் பாதியைப் பிய்த்து அதில் வைத்தேன்.

"உக்காரு அத்தே. நாக்காலி காலியாதான் கீது."

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு இரண்டு நாற்காலி காலியாகக் கிடக்க, அந்தத் தட்டோடு முற்றத்தைத் தாண்டிச் சமையற்கட்டுத் தரையில் போய் உட்கார்ந்தார். மகன்கள் இருவரும் தலை குனிந்து தின்றார்கள். 'வாம்மா' என்று ஒரு வார்த்தை, ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, அப்படித் தட்டோடு போன அவர் மேல்தான் கோபம் அதிகமாக வந்தது.

இங்கிருந்தே இரண்டு தரம் கூப்பிட்டேன். வரவில்லை. எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை. என் தட்டில் சோற்றிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.